மிச்சக் கணக்கு

பயம் நெஞ்சில் குடியிருக்கிறது என்பது புத்தகத் தமிழ். வீட்டுத் தமிழில் அது ஈரலில் குடியிருக்கிறது. பிள்ளை கிணற்றுச் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தால் தாய், "என் ஈரக்குலையே நடுங்கிப் போச்சுடா!" என்றுதான் அலறுகிறாள். நெஞ்சு நடுங்கியதாக அவள் சொல்வதில்லை. உடற்கூறு சாஸ்திரம் எதையும் வாசிக்காத நம் பாட்டிமார்கள், உடம்பின் பொக்கிஷ அறை எது என்பதை எப்படியோ தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய்வருகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். (சைவ வாசகர்கள் இந்த ஒரு பாராவுக்கு என்னை மன்னிக்க வேண்டும்.) எலும்புக்கு உறுதி உண்டு. சதைக்கு நார் உண்டு. குடலுக்குக்கூட ஓர் இழுவை உண்டு. ஈரலுக்கு இதில் ஒன்றும் கிடையாது. கட்டை விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போய்விடும். ரத்தம் ஊறிய பஞ்சு அது. அதில் ஊசி நூல் போட்டுத் தைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இந்த இரண்டு சமாசாரங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஈரலில் கத்தி வைக்க உலகம் முழுவதும் வைத்தியர்கள் ஏன் அத்தனை காலம் அஞ்சினார்கள் என்பது விளங்கும். என் அண்ணனுக்கு 2016ஆம் வருஷம் அந்த ஈரலில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தடவை கத்தி வைத்தார்கள். அன்றிலிருந்து அந்த உறுப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற வியாதி என்னைப் பிடித்துக்கொண்டது. கதை எழுதுகிறவனுக்கு இது வேண்டாத வேலைதான். ஆனால், "பெருங்குடலில் வந்த புற்று ஈரலுக்குப் போய்விட்டதாம், இனிமேல் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு எனக்குத் தெரிந்தவர்களிலேயே நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர்களிடம் தனித்தனியே சொன்னதை ஒரே இடத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் தஞ்சாவூர் ஜில்லாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கடையில் மளிகைச் சீட்டை வாங்கினால் கூட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டார். தவறு கடைக்காரர் பக்கம் நஷ்டமாக இருந்தாலும் திருத்திவிட்டுத்தான் வருவார். ஓய்வு பெற்று மூன்றாவது வருஷம், மலத்தில் ரத்தம் கண்டது. பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் மூலம் என்று சொல்லி ஏழு மாதம் களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். 2015 நவம்பரில் மூலம் இல்லை என்பது தெரிந்தது. பெருங்குடலில் இருந்த கட்டியைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். எடுத்த கையோடு படம் பிடித்துப் பார்த்ததில் ஈரலின் வலது பக்கத்தில் நாலு புள்ளிகள், இடது பக்கத்தில் இரண்டு.

நம் ஜனங்களிடம் இதற்கென்று ஒரு சொல் இருக்கிறது: "முத்திப் போச்சு." அந்தச் சொல் வாசற்கதவைச் சாத்துவதுபோலச் சாத்திவிடும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஊருக்கு அழைத்துப் போங்கள், பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள் என்பார்கள். இன்னும் சிலர், "கத்தி பட்டா எல்லா இடத்துக்கும் பரவிடும், வேண்டாம்" என்று புத்தி சொல்வார்கள். இந்த இரண்டு அபிப்பிராயங்களும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே சாயங்காலத்தில் வந்து சேர்ந்தன. கத்தி பட்டதனால் இந்தப் புற்று பரவுவதில்லை. கத்தி படுவதற்கு முன்பே பரவியிருந்ததுதான் பிறகு தெரியவருகிறது. பழி கத்தியின் மேல் விழுகிறது.

அது ஏன் குறிப்பாக ஈரலுக்குப் போகிறது என்பதைக் காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்வது சுலபம். மற்ற அங்கங்களில் ஓடி முடிந்த ரத்தம் நேரே இருதயத்துக்குத் திரும்புகிறது. குடலில் ஓடிய ரத்தம் அப்படித் திரும்புவதில்லை. சாப்பாட்டின் சத்தை எடுத்துக்கொண்டு சின்னச் சின்ன வாய்க்கால்களாகப் புறப்பட்டு, போர்ட்டல் சிரை என்ற ஒரே ஆற்றில் கூடி, முதலில் ஈரல் என்னும் ஏரியில் போய் விழுகிறது. ஏரி அதை வடிகட்டிய பிறகுதான் மேலே அனுப்புகிறது. வாய்க்காலில் பிய்ந்து வந்த வெங்காயத் தாமரை எங்கே போய்த் தங்கும்? ஏரியில்தான். குடல் புற்று உள்ளவர்களில் நாலில் ஒருவருக்காவது எப்போதாவது ஈரலில் இது வந்து தங்கிவிடுகிறது.

இதிலேயே ஒரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. முதலில் போய் விழுகிற இடம் ஏரி என்றால், சில பேருக்குச் சில காலம்வரை ஏரியைத் தாண்டி அது போயிராது. உடம்பு முழுவதும் விதை தூவியபிறகு ஓரிடத்தில் களை எடுத்துப் பிரயோஜனமில்லை. விதை ஏரியோடு நின்றிருக்குமானால், அங்கே களை எடுப்பதற்கு அர்த்தம் உண்டு. வேறு பல புற்றுகள் ஈரலுக்கு வந்தால் வைத்தியர்கள் கத்தியை எடுக்கத் தயங்குகிறார்கள். குடல் புற்று வந்தால் மட்டும் எடுக்கத் துணிகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்த வாய்க்கால்தான்.

ஆனால் களை எடுப்பது எப்படி? பஞ்சில் தையல் நிற்காது. வெட்டினால் ரத்தம் நிற்காது.

1908இல் கிளாஸ்கோவில் பிரிங்கிள் என்ற சஸ்திர வைத்தியர் ஒரு யுக்தி சொன்னார். ஈரலுக்குள் ரத்தம் நுழைகிற கொடியை இரண்டு விரலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தால் போதும். மதகை அடைத்ததுபோல் ரத்தம் நின்றுவிடும். ஏரிக்கு மதகு எங்கே என்று இப்படித் தெரிந்தது. ஏரிக்குள் வாய்க்கால்கள் எப்படிப் பிரிகின்றன என்பது தெரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

அதைத் தேடியவர்களில் என் மனசுக்கு மிகவும் பிடித்தவர் ஹனாயில் இருந்த டோன் தாட் துங். 1930களில், வியட்நாம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தபோது, அவர் அங்கே வைத்திய மாணவர். இறந்துபோன ஒருவருடைய ஈரலைச் சோதித்தபோது பித்தக் குழாய்களுக்குள் நாக்குப் பூச்சிகள் புகுந்து அவற்றை அகலமாக்கியிருப்பதைக் கண்டார். ஏழை நாட்டு வியாதி அவருக்கு ஒரு வழி காட்டிவிட்டது. அந்தக் குழாய்களைப் பின்பற்றிக்கொண்டே சதையைச் சுரண்டி எடுத்தால் உள்ளே இருக்கும் கிளைகள் முழுசாகத் தெரியும் என்று கண்டுகொண்டார். அதன்பின் ஒன்றல்ல, இரண்டல்ல, இருநூறுக்கும் மேற்பட்ட ஈரல்களைச் சாதாரணச் சுரண்டி ஒன்றை வைத்துக்கொண்டு சுரண்டிப் பார்த்துப் படம் எழுதினார். 1939இல் அந்தப் படத்தை நம்பி ஈரலின் ஒரு பகுதியை ஒழுங்காக வெட்டி எடுத்தும் காட்டினார். பாரிஸில் இருந்த பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு யுத்தம் வந்தது. விடுதலைப் போர் வந்தது. அவர் காட்டிலும் மலையிலும் போர்க்களத்துக் காயங்களைத் தைத்துக்கொண்டிருந்தார். 1963இல் இங்கிலாந்துப் பத்திரிகையான லான்ஸெட்டில் அவருடைய முறை வெளிவந்தது. மதகை அடைத்துக்கொண்டு, ஈரல் சதையைக் கத்தியால் வெட்டாமல் விரலால் நெரித்துப் பிரிப்பது. சதை நொறுங்கும், குழாய்கள் மட்டும் நரம்புபோல் விரலில் தட்டுப்படும். தட்டுப்பட்டதை ஒவ்வொன்றாகக் கட்டி அறுப்பது. கறிக்கடையில் நாம் எதைக் குறையாக நினைத்தோமோ, கட்டை விரல் உள்ளே போய்விடுகிறதே என்று, அதையே அவர் ஆயுதமாக்கிக்கொண்டார்.

இதற்கிடையில் 1949இல் கியோட்டோவில் ஹொன்ஜோ என்பவரும், 1952இல் பாரிஸில் லோர்டா-ழாக்கோப் என்பவரும் ஈரலின் வலது பாகத்தை முறைப்படி எடுத்த செய்திகள் வந்தன. அதே பாரிஸில் கூய்னோ என்ற உடற்கூறு நிபுணர், இறந்தவர்களின் ஈரல்களில் பிளாஸ்டிக் திரவத்தைப் பாய்ச்சி, சதையைக் கரைத்துவிட்டு, பவளக் கொடிபோல் நின்ற குழாய்களை எண்ணினார். வெளியே பார்த்தால் ஒரே கட்டியாக இருக்கும் ஈரல், உள்ளே எட்டுத் தனித்தனிப் பகுதிகள் என்று 1957இல் புத்தகம் போட்டார். ஒவ்வொன்றுக்கும் தனி வரத்து, தனி வடிகால். எட்டுப் பங்காளிகள் ஒரே வீட்டில் குடியிருப்பது போல. ஒருவன் பங்கை எடுத்தாலும் மற்றவன் பங்கு நிற்கும். இன்றைக்கு உலகத்தில் எந்த ஊர் ஆபரேஷன் அறையிலும், எத்தனையாவது பகுதியை எடுப்பது என்று கூய்னோவின் எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

எடுத்தபின் ஈரல் வளரும் என்பது எல்லோரும் கேள்விப்பட்டது. பிரமித்தியஸ் என்ற கிரேக்கக் கதாநாயகனின் ஈரலைக் கழுகு தினமும் தின்றதும், அது மறுபடி வளர்ந்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பல்லியின் வால் முளைப்பதுபோல் வெட்டின இடத்தில் முளைக்காது. மிஞ்சின பகுதி பருக்கிறது. பழைய உருவம் வராது, பழைய எடை ஏறக்குறைய வந்துவிடும். சில வாரங்களில் பெரும்பகுதி வளர்ந்துவிடுகிறது. வளர்கிற வரைக்கும் அந்த மிச்சம்தான் முழு உடம்பையும் தாங்க வேண்டும். ஆரோக்கியமான ஈரலில் நாலில் ஒரு பங்காவது மிஞ்ச வேண்டும். கீமோதெரபி மருந்தில் அடிபட்ட ஈரல் என்றால் நூற்றுக்கு முப்பது; ஏற்கெனவே கெட்டுப்போன ஈரல் என்றால் நாற்பது.

இந்தக் கணக்குத்தான் அண்ணனைப் பிடித்தது.

அவரிடம் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பது வீட்டில் எல்லோருடைய தீர்மானமும். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குத் தெரிஞ்சா அந்த நிமிஷமே படுத்துடுவாரு" என்றாள். மகன் அதை ஆமோதித்தான். நம் குடும்பங்களில் இது அன்பின் வழக்கம். நோயாளியைத் தவிர அத்தனை பேருக்கும் நோய் தெரிந்திருக்கும். நோயாளிக்கும் தெரிந்திருக்கும், தெரியாததுபோல் நடிப்பார். அண்ணனுக்கு நடிப்பு வராது. மூன்றாம் நாள் காலை, டாக்டர் உள்ளே வந்ததும், "டாக்டர், என் பெண்சாதியும் பிள்ளையும் மூணு நாளா கணக்கைத் தப்பாப் போட்டுக்கிட்டிருக்காங்க. கேள்வித்தாளை எங்கிட்டே குடுங்க" என்றார்.

டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு காகிதத்தில் ஈரலை வரைந்து, எட்டாகப் பிரித்து, ஆறு புள்ளிகளை வைத்தார். "இப்ப இருக்கிற நிலையிலே எல்லாத்தையும் ஒரே தடவையா எடுக்க முடியாது, சார். எடுத்தா மிச்சம் போதாது" என்றார்.

"எவ்வளவு மிஞ்சும்?"

"நூத்துக்கு இருபத்தி நாலு."

"எவ்வளவு வேணும்?"

"உங்களுக்கு முப்பதாவது வேணும்."

"ஆறு குறையுது" என்றார் அண்ணன். பரீட்சை மார்க்கு சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "அந்த ஆறை எங்கேருந்து கொண்டாரலாம்?" என்று கேட்டார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான ஊர்களில் பதில் கிடையாது. பதிலைத் தேடிக் கொடுத்தவர்கள் பாரிஸுக்குத் தெற்கே, வில்ழுயிஃப் என்ற புறநகரில், பால் புரூஸ் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள். அதுவரையில், படத்தைப் பார்த்து "எடுக்க முடியாது" என்று எழுதிவிட்டால் அது தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை. அங்கே ஆன்ரி பிஸ்முத் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் அந்தத் தீர்ப்பை ஒத்திவைப்பாக மாற்றினார்கள். முதலில் மருந்து கொடுத்துப் புற்றைச் சுருங்க வை. மறுபடி படம் எடு. மறுபடி கேள் என்றார்கள். எடுக்க முடியாது என்று கைவிடப்பட்ட 330 பேரில் 53 பேருக்கு அப்படி எடுக்க முடிந்தது. அந்த 53 பேரில் ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு நாற்பது என்று 1996இல் வெளியிட்டார்கள். அதே ஆஸ்பத்திரியின் ரெனே ஆதம் 2004இல் இன்னும் பெரிய கணக்குக் கொடுத்தார்: கைவிடப்பட்ட 1,104 பேரில் 138 பேருக்கு எடுக்க முடிந்தது, ஐந்து வருஷக் கணக்கு நூற்றுக்கு முப்பத்துமூன்று.

மிச்சம் போதாதவர்களுக்கு இன்னொரு வழியும் வந்தது. ஜப்பானியர்கள் 1980களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த யுக்தி அது. எடுக்கப்போகிற பக்கத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலை முன்கூட்டியே அடைத்துவிடுவது. வரத்து முழுவதும் மற்றப் பக்கம் திரும்பும். விடப்போகிற பகுதி, வெட்டு விழுவதற்கு முன்னாலேயே, நாலைந்து வாரத்தில் பருத்துவிடும். அண்ணனுக்குக் குறைந்த ஆறு அங்கிருந்துதான் வர வேண்டியிருந்தது.

இந்த எண்ணிக்கைகளை வாசகர்கள் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 1,104 பேரில் 138 பேர் என்றால் எட்டில் ஒருவர். மற்ற ஏழு பேருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. திறந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பேர் ஐந்து வருஷம் காணவில்லை. இன்னொரு ஆட்சேபமும் உண்டு, நியாயமான ஆட்சேபம். உடம்பு திடமாக, நோய் மெதுவாக இருப்பவர்களைத்தானே டாக்டர்கள் ஆபரேஷனுக்குப் பொறுக்கி எடுக்கிறார்கள்; அவர்கள் அறுக்காமலேயே கொஞ்சம் அதிக நாள் இருந்திருப்பார்களே என்று கேட்கிறவர்கள் உண்டு. அதை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் நியூயார்க்கில் ஒரு பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஈரல் அறுவை செய்துகொண்ட 612 பேரைப் பின்தொடர்ந்து 2007இல் எழுதினார்கள். அவர்களில் 102 பேர் பத்து வருஷம் தாண்டியும் இருந்தார்கள். ஆறில் ஒருவர். ஈரல் வரை போன குடல் புற்று மருந்தினால் மட்டும் பத்து வருஷம் விட்டுவைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆகவே அந்த ஆறில் ஒருவருக்குக் கத்தி ஏதோ செய்திருக்கிறது.

அண்ணன் இவற்றையெல்லாம் டாக்டரிடமே கேட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். என்னிடம் சொன்னார்: "தம்பி, எல்லாரும் எவ்வளவு வெட்டப் போறாங்கன்னு கேட்டுப் பயப்படறீங்க. எவ்வளவு விடப் போறாங்கன்னு ஒருத்தரும் கேக்கலே. தையக்காரங்கிட்டே போனா மிச்சத் துணியிலே சட்டை வருமான்னுதானே கேக்கணும்?"

முதலில் நாலு மாதம் மருந்து ஏற்றினார்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்று அதற்குப் பெயர். அதன் விசித்திரம், குளிர்ச்சியைத் தொட்டால் கை முள்ளாய்க் குத்தும். மார்கழி தை மாதங்களில் பானைத் தண்ணீரைத் தொட முடியாமல், டம்ளரைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெந்நீர் குடித்தார். மே மாதம் இடது பக்கத்தின் இரண்டு புள்ளிகளைச் செதுக்கி எடுத்து, வலது பக்கத்து வாய்க்காலை அடைத்தார்கள். ஆறு வாரம் பொறுத்து அளந்தார்கள். முப்பத்தைந்து! அண்ணன் நோட்டில் அதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டார். ஜூலையில் வலது பக்கத்தை எடுத்தார்கள். எட்டு மணி நேரம்.

ஆபரேஷன் வெற்றி என்று டாக்டர் வெளியே வந்து சொல்கிற இடத்தில் சினிமாக்காரர் படத்தை முடித்துவிடுவார். உண்மையில் அங்கேதான் ஆரம்பம். கண் மஞ்சளித்தது. வயிற்றில் நீர் கோத்தது. வெட்டின முகத்திலிருந்து பித்தம் கசிந்து, விலாவில் சொருகின குழாய் வழியாக ஒரு பையில் மூன்று வாரம் வடிந்துகொண்டே இருந்தது. அறுபத்தெட்டுக் கிலோ இருந்த மனுஷர் ஐம்பத்தொன்றாகத் திரும்பினார். ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த மனை போயிற்று. இன்ஷ்யூரன்ஸ் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டது. அண்ணி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பையில் வடிந்ததை நர்சு அளந்து சொல்லச் சொல்ல, அதை அவள் நோட்டில் எழுதினாள். அண்ணன் எழுத முடியாத மூன்று வாரங்களும் அந்த நோட்டில் அவள் கையெழுத்தில் இருக்கின்றன.

பக்கத்து அறையில் விழுப்புரம் பக்கத்து ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். அண்ணன் வயதுதான். அதே நோய், அதே ஆபரேஷன், அதே டாக்டர். அளவும் ஏறக்குறைய அதேதான். மிஞ்சின ஈரல் அவருக்கு விழித்துக்கொள்ளவில்லை. பதினோராம் நாள் போய்விட்டார். தேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இன்று ஈரல் அறுவையில் இறப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் என்பார்கள். பெரிய அறுவைகளில் கூடுதல். சதவிகிதத்தில் சின்னதாக இருக்கிற அந்த எண், அன்று காலை வராந்தாவில் ஒரு நீலப் புடைவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "அறுக்காமலே இருந்திருந்தா இன்னும் ஒரு வருஷமாச்சும் இருந்திருப்பாரா, அண்ணே?" என்று கேட்டாள். இருந்திருக்கலாம். அதுதான் உண்மை. அந்த இடத்தில் அதைச் சொல்ல முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் பிழைத்தார். 2018இல் ஈரலில் ஒரே ஒரு புள்ளி மறுபடி தலைகாட்டியது. அறுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது திரும்பி வரத்தான் செய்கிறது. இந்தத் தடவை வயிற்றைத் திறக்காமல் ஊசி செலுத்திச் சுட்டுப் பொசுக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற பொருளை அளப்பார்கள். 1965இல் மாண்ட்ரியலில் கோல்டு, ஃப்ரீட்மன் என்ற இருவர் கண்டுபிடித்தது அது. புற்று திரும்புவதைச் சில பேருக்கு அது முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். அந்தத் தாள் வருகிற நாள் எங்கள் வீட்டில் ஈரக்குலை நடுங்கும் நாள். அண்ணன் மட்டும் கிராப் காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்.

அந்த வருஷங்களில் அவர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பேத்திக்கு நீள்வகுத்தல் சொல்லிக் கொடுத்தார். வரப்புத் தகராறில் பங்காளியுடன் சண்டை போட்டார், சமாதானமும் ஆனார். மகனுக்கும் அவருக்கும் பத்து வருஷமாகப் பேச்சு நேராக இருந்ததில்லை. ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் ரயிலில் போய்வந்ததில் அது நேராயிற்று. 2020 ஜூன் 12ஆம் தேதி, எட்டு வருஷத்துக்குப் பிறகு, மேட்டூர் அணையை உரிய தேதியில் திறந்தார்கள். சில நாளில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தபோது அண்ணன் கரையில் குந்தி, கையை முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டார். "குத்தலேடா" என்றார். பாதம் மட்டும் கடைசிவரை மரத்தே இருந்தது.

அந்த வருஷ முடிவில் நுரையீரலிலும் ஈரலிலுமாகப் பல புள்ளிகள் வந்துவிட்டன. வேறோர் இடத்தில் ஒரு டாக்டர் மறுபடி முயன்று பார்க்கலாம் என்றார். துணிச்சலான மனுஷர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் பழைய கேள்வியைத்தான் அவரிடமும் கேட்டார்: "மிச்சம் எவ்வளவு வரும்?"

அவர் சிறிது யோசித்து, "மாசக் கணக்கில்தான் சொல்ல முடியும்" என்றார்.

"அப்ப வேண்டாம். மாசக் கணக்கை நான் வீட்டிலேயே போட்டுக்கறேன்" என்று எழுந்து வந்துவிட்டார். 2016இல் சரி என்று சொன்ன வாயும் 2021இல் வேண்டாம் என்று சொன்ன வாயும் ஒன்றுதான். இரண்டு தடவையும் ஒரே கணக்கைத்தான் போட்டார். விடை வேறாக வந்தது. அந்த அக்டோபரில் தம் வீட்டுக் கூடத்தில் காலமானார். இரண்டாவது ஆபரேஷனிலிருந்து ஐந்து வருஷமும் மூன்று மாதமும்.

"கடைசியில் குணமாகவில்லையே?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அண்ணன் ஆறில் ஒருவர் அல்ல. ஆனால் அந்த ஆறில் ஒருவர் எங்கோ இருக்கிறார். அவரும் முதலில் "முத்திப் போச்சு" என்ற சொல்லைக் கேட்டவர்தான். வைத்தியம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அறுக்கவே முடியாத ஈரலை அடியோடு எடுத்துவிட்டு மாற்று ஈரல் வைப்பதைக்கூட, நன்றாகத் தேர்ந்தெடுத்த 94 பேரிடம் பரீட்சித்து, 2024இல் லான்ஸெட்டில் ரெனே ஆதமும் மற்றவர்களும் எழுதினார்கள். மாற்று ஈரலும் மருந்தும் கொடுக்கத் தீர்மானித்தவர்களில் ஐந்து வருஷம் இருந்தவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தேழு. மருந்து மட்டும் என்று தீர்மானித்தவர்களில் பதின்மூன்று. நேற்று மூடியிருந்த கதவு இன்று எந்த அளவு திறந்திருக்கிறது என்பதைத் தள்ளிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் நிற்கிற உறவினர் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம். ஈரல் அறுவையையே தொழிலாகச் செய்கிற டாக்டர் ஒருவரிடம் படத்தைக் காட்டாமல் முடியாது என்ற பேச்சை நம்பாதீர்கள். காட்டிய பிறகு அவரும் முடியாது என்று சொன்னால், இப்போது முடியாதா, எப்போதுமே முடியாதா என்று கேளுங்கள். முடியும் என்று சொன்னால், என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். ஈரலில் மிஞ்சுவதையும் கேளுங்கள், ஆயுளில் மிஞ்சுவதையும் கேளுங்கள், வீட்டில் மிஞ்சுவதையும் கேளுங்கள். கேட்கிறபோது நோயாளியை வெளியே உட்கார வைக்காதீர்கள். கத்தி டாக்டர் கையில் இருக்கட்டும். கணக்கு யாருடைய உடம்போ அவர் கையில் இருக்க வேண்டும்.

விழுப்புரத்து அம்மாள் இப்போது கடையைத் தாமே நடத்துகிறார் என்று கேள்வி. அவர் கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் நோட்டிலும் அதற்கு விடை இல்லை.